பசித்தோர் வாராத நாள்



 இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் தானம். "இஃது எப்போதும் பேசும் பொருளேயன்றோ?" எனச் சிலர் எண்ணலாம். உண்மையே. ஆயினும் எதைக் கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது என்று பேசியிருக்கின்றோமேயன்றி, கொடுத்தது பயன் தந்ததா என்பதை எவ்வாறு அறிவது என்று நாம் ஒருநாளும் பேசியதில்லை.

சென்ற மாதம் நமது சங்கத்தின் நிர்வாகக் கூட்டத்தில் எழுந்த வாக்குவாதம் உங்கள் காதுக்கும் எட்டியிருக்கும். மாதந்தோறும் முதல் ஞாயிறன்று நாம் அரிசியும் பருப்பும் வழங்கி வருகின்றோம். அவற்றைப் பெறும் குடும்பங்களுள் சில பத்தாண்டுகளுக்கு மேலாகப் பெற்று வருகின்றன. அன்று தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்த சிறுமி, இன்று தன் குழந்தையை இடுப்பில் சுமந்து அதே வரிசையில் நிற்கின்றாள். "இது சோம்பலை வளர்க்கின்றது, நிறுத்துங்கள்" என்றனர் ஒரு சாரார். "பசித்தவனைக் கைவிடுவது புத்த தருமமாகுமா?" என்று கொதித்தனர் மற்றொரு சாரார். யாம் அன்று வாய் திறக்கவில்லை. வீடு திரும்பியபின் இரவெல்லாம் உறக்கமும் வரவில்லை. அவ்விரவில் சிந்தித்தவற்றையே உங்கள் முன் வைக்கின்றோம்.

நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற பௌத்தக் காப்பியம் மணிமேகலை. அதில் சாத்தனார் கூறும் ஆபுத்திரன் வரலாற்றை நீங்கள் பலமுறை கேட்டிருக்கின்றீர்கள். மதுரையில் சிந்தாதேவி அளித்த அமுதசுரபி என்னும் பாத்திரத்தைக் கொண்டு, எடுக்க எடுக்கக் குறையாத சோற்றை ஏழைகளுக்கு ஊட்டி வந்தான் அப்பெருந்தகை. பிரசங்கிகளாகிய நாங்கள் இவ்விடத்தோடு கதையை நிறுத்திவிடுவது வழக்கம். அதற்கு அப்பால் நடந்தது யாது? ஆபுத்திரன் தன்னை மதியாது நகைத்தான் என்று சினங்கொண்ட இந்திரன், பன்னிரண்டு ஆண்டுகள் மழையின்றி வாடிய பாண்டி நாட்டில் பெருமழை பொழிவித்தான். வயல்கள் விளைந்தன. பசி நீங்கிற்று. அமுதசுரபியைத் தேடி வருவார் ஒருவருமில்லை. ஆபுத்திரன் ஊர் ஊராகச் சென்று உண்பாரைத் தேடினான். சாவக நாட்டில் பஞ்சம் எனக் கேள்வியுற்றுக் கப்பலேறியவன், இடையில் மணிபல்லவத் தீவில் தனித்து விடப்பட்டு, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டு, உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தான்.

இளமையில் இதனை வாசித்தபோது யாம் இந்திரனை வைதோம், நல்லவன் ஒருவன் செய்த அறத்தைக் கெடுத்தானே என்று. ஐம்பது வயதைக் கடந்தபின் வாசிக்கையில் வேறொன்று தோன்றுகின்றது. சினத்தால் செய்தான் என்பது அவன் கணக்கு, மழை மழைதானே? அதுவரை சோற்றுக்காகக் கையேந்தி நின்றவன், மழைக்குப்பின் தன் வயலில் நின்றான். அமுதசுரபிக்கு வேலையற்றுப்போன அந்நாளன்றோ பாண்டி நாட்டு மக்களுக்கு நல்ல நாள்?

ஆபுத்திரனைக் குறை கூற யாம் யார்? அவனுடைய கருணையில் கடுகளவும் எமக்கில்லை. ஆயினும் உண்பாரைக் காணாது அவன் அடைந்த துயரத்தின் ஒரு சிறு துளி நம் நெஞ்சிலும் வேறு வடிவில் கிடக்கின்றது. அரிசி வழங்கும் நாளில் வரிசை நீண்டிருந்தால் நமக்கு உள்ளூர மகிழ்ச்சி. நிழற்படம் எடுத்து ஆண்டறிக்கையில் அச்சிடுகின்றோம். இத்தனை பேர் பெற்றனர் என்று எழுதுகின்றோம். "இனி எங்களுக்கு வேண்டாம் ஐயா" என்று சொல்லிப் போனவர் எத்தனை பேர் என்று எழுத அவ்வறிக்கையில் ஒரு வரியும் இல்லை.

நிற்க. இதனைக் கொண்டு அரிசியை நிறுத்துக என்று யாம் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். ஆளவி நகரத்தில் நடந்ததை நினைவுகூருங்கள். பகவரின் உபதேசம் கேட்க விரும்பிய ஏழை உழவன் ஒருவன், காணாமற்போன தன் எருதைத் தேடியலைந்து, பசியோடு காலந்தாழ்த்தி வந்து சேர்ந்தான். பகவரோ அதுவரை ஒரு சொல்லும் உபதேசிக்காமல் அவனுக்காகக் காத்திருந்தார். வந்தவனைக் கண்டதும், எஞ்சியிருந்த உணவை அவனுக்கு இடுமாறு செய்து, அவன் பசியாறிய பின்னரே தருமம் கூறினார். இதனைக் கண்டு பிக்குகள் வியந்து பேசியபோது, பசியைப் போன்ற நோய் வேறில்லை என்பதை அவர்களுக்கு உணர்த்தினார். ஆதலின் முதலில் சோறு. இதில் வாதத்துக்கே இடமில்லை.

சோற்றுக்குப் பின் யாது என்பதே கேள்வி. அதற்கும் பகவர் விடை சொல்லியிருக்கின்றார். தீக நிகாயத்துக் கூடதந்த சூத்திரத்தில் மகாவிஜிதன் என்னும் அரசன் கதை வருகின்றது. பெரிய வேள்வி செய்ய விரும்பிய அவ்வரசனிடம் புரோகிதன் சொல்கின்றான்: நாட்டில் திருட்டும் கொள்ளையும் மலிந்துள்ளன, இந்நிலையில் வரி விதிப்பது தகாது, தண்டித்தும் கொன்றும் இதனை ஒழிக்க இயலாது, உழுவோருக்கும் கால்நடை வளர்ப்போருக்கும் விதையும் உணவும் கொடு, வணிகருக்கு முதல் கொடு, ஊழியம் செய்வோருக்கு உணவும் ஊதியமும் கொடு என்று. அரசன் அவ்வாறே செய்தான். மக்கள் தத்தம் தொழிலில் ஈடுபட, நாடு அமைதியுற்றது. மக்கள் கதவைத் தாழிடாமல் வாழ்ந்தனர்.

எமக்குப் பாலி மொழி தெரியாது. கற்றறிந்த பிக்கு ஒருவர் எமக்கு ஒரு செய்தி சொன்னார். உழவனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கூறுமிடத்தில், விதை, உணவு என்னும் இரண்டும் மூலத்தில் ஒரே சொல்லாக இணைந்து நிற்கின்றனவாம். அதனைக் கேட்ட மாத்திரத்தில் எமக்கு உடல் நடுங்கிற்று. ஏனென்று சொல்கின்றோம்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நம்மவருள் ஒரு சகோதரி கணவனை இழந்தாள். இரண்டு சிறு குழந்தைகள். நாம் எல்லோரும் பணம் திரட்டித் தையல் இயந்திரம் ஒன்று வாங்கி, வைசாகப் பௌர்ணமியன்று மாலை சூட்டி அவளிடம் அளித்தோம். கைதட்டினோம். நான்கு மாதங்களில் அவள் அதனை விற்றுவிட்டாள். செய்தி கேட்டு யாம் கொதித்தோம். இதே இடத்தில் நின்று, பெயரைச் சொல்லாமல், ஆனால் எல்லோருக்கும் விளங்கும்படி, நன்றியற்றவர்கள் என்று பழித்துப் பேசினோம். அதன்பின் அவள் விகாரைக்கு வரவில்லை. பல மாதங்கள் சென்றபின் அவளுடைய அண்டை வீட்டு அம்மையார் சொல்லித்தான் நடந்ததை அறிந்தோம். தையல் கற்கவே மாதங்கள் ஆகும். கற்றுக்கொண்டிருப்பவளை நம்பி ரவிக்கைத் துணி கொடுப்பார் யார்? இதற்கிடையில் வீட்டு வாடகை. இளைய குழந்தைக்குக் காய்ச்சல். நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டிக்குக் கடன். கடன்காரன் வாசலில் வந்து நின்றபோது அவள் வீட்டில் விலைபோகக்கூடிய பொருள் அந்த இயந்திரம் ஒன்றே. விதையைக் கொடுத்தோம். அது முளைத்து விளையும் வரை உண்பதற்கு யாதும் கொடுக்கவில்லை. பசித்தவள் விதையைத் தின்றாள். நாம் அவளைத் திருடியைப் போல நடத்தினோம்.

பகவர் நடந்து திரிந்த மகத நாடு இன்றைய பீகாரில் உள்ளது. அங்கே 2016ஆம் ஆண்டு ஏப்ரலில் மதுவிலக்கு வந்தது. உபாசகர்கள் செய்யத்தகாத வணிகங்கள் ஐந்தனுள் மது வணிகமும் ஒன்று என்பதை நீங்கள் அறிவீர்கள். அவ்விலக்கின் நன்மை தீமைகளைப் பேச இஃது இடமன்று. கள்ளும் நாட்டுச் சாராயமும் விற்றுப் பிழைத்த குடும்பங்கள் பெரும்பாலும் பரம ஏழைகள். "விற்காதே" என்று சட்டம் சொன்னது, "வேறு எதனால் உண்பேன்?" என்பதற்கு விடை வேண்டுமன்றோ? 2018ஆம் ஆண்டில் அம்மாநில அரசு சதத் ஜீவிகோபார்ஜன் யோஜனா என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. இடையறாத வாழ்வாதாரத் திட்டம் என்று பொருள் கொள்ளலாம். மது விற்றுப் பிழைத்தோரையும் பிற பரம ஏழைகளையும் தேர்ந்தெடுத்து, பெட்டிக்கடை வைக்கவோ ஆடு மாடு வளர்க்கவோ பொருளாகவே முதல் தருகின்றனர். தொழில் கால் ஊன்றும் வரை வீட்டுச் செலவுக்கு மாதம் 1000 ரூபாய் வீதம் ஏழு மாதங்கள் தருகின்றனர். ஊழியர் ஒருவர் வீடு தேடி வந்து கணக்குப் பார்த்துச் சொல்லிக்கொடுக்கின்றார். மகாவிஜிதனின் புரோகிதன் சொன்ன விதையும் உணவும் இங்கே மறுபடி ஒன்று சேர்ந்தன.

இம்முறை பீகாரில் பிறந்ததன்று. வங்கதேசத்தில் பிராக் என்னும் நிறுவனம் 2002ஆம் ஆண்டில் தொடங்கியது. மேற்கு வங்கத்து முர்சிதாபாத் மாவட்டத்தில் 2007ஆம் ஆண்டு பந்தன் என்னும் நிறுவனம் இதனைச் செய்தது. ஊரார் கூடியமர்ந்து, நம்மூரில் மிக எளியவர் யார் என்று தாமே சொல்ல, அவர்களுள்ளும் குலுக்கல் முறையில் சிலருக்குக் கொடுத்து, கொடுக்கப்படாதவரோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி முதலிய அறிஞர்கள் பத்து ஆண்டுகள் கழித்தும் அக்குடும்பங்களைத் தேடிச் சென்று பார்த்தபோது, பெற்ற குடும்பங்கள் மற்றவரினும் மேலான நிலையிலேயே இருந்தன. இந்தியா, பாகிஸ்தான், எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், பெரு ஆகிய ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை ஆராய்ந்த முடிவு 2015இல் வெளியாயிற்று. அவற்றுள் ஹோண்டுராஸில் மட்டும் சொத்துப் பெருகவில்லை. ஏன் தெரியுமா? அங்கே மக்களுக்குக் கொடுத்தவற்றுள் பெரும்பகுதி கோழிகள். நோய் கண்டு அவற்றுள் பல செத்தன. நல்ல உள்ளத்தோடு கொடுத்தால் போதும் என்பாருக்கு அக்கோழிகள் விடை சொல்லும்.

இவற்றுள் எம்மை மிகவும் ஈர்த்தது ஆடுமன்று, பணமுமன்று. வாரந்தோறும் வீடு தேடி வந்த அந்த ஊழியரே. யாம் இளமையில் இப்பெங்களூர் நகரத்து ஆலையொன்றில் ரிங் பிரேம் பகுதியில் சைடராக வேலை செய்தவர் என்பது உங்களுள் மூத்தோருக்குத் தெரியும். சைடரின் வேலை யாது? இயந்திரம் தானே நூற்கும். ஆனால் நூற்றுக்கணக்கான கதிர்களுள் எந்த இழை எப்போது அறும் என்று எவருக்கும் தெரியாது. ஆதலால் எட்டு மணி நேரமும் இங்குமங்கும் நடந்துகொண்டே இருத்தல் வேண்டும். அறுந்த இழையை உடனே கண்டால் விரல் நுனியால் ஒட்டிவிடலாம். காணாமல் விட்டால் பஞ்சு சுற்றிக்கொண்டு பக்கத்து இழையையும் அறுக்கும். அறுந்ததற்காக இழையை வைத சைடரை யாம் கண்டதில்லை.

அந்த ஆலை மூடப்பட்டபோது எம் கையிலும் ஒரு தொகை கிடைத்தது. தங்கையின் திருமணம், பழைய கடன், சீட்டு என்று இரண்டாண்டுகளில் அது கரைந்தது. உடன் வேலை செய்தவருள் சிலர் குடியில் மூழ்கினர். இருவர் இன்று இல்லை. யாம் தப்பியதற்குக் காரணம் எமது அறிவன்று. ஓய்வுபெற்ற மேஸ்திரி ஒருவர் ஞாயிறுதோறும் மிதிவண்டியில் வருவார். எம் தாயாரிடம் காப்பி வாங்கிக் குடித்துவிட்டு, "தம்பி, இந்த வாரம் எவ்வளவு வந்தது, எவ்வளவு போயிற்று, எழுதியிருக்கிறாயா?" என்று கேட்பார். ஒரு காசும் அவர் கொடுத்ததில்லை. அவர் வருவாரே என்னும் வெட்கத்தினால் எழுதத் தொடங்கினோம். எழுதியபின் செலவு கண்ணுக்குத் தெரிந்தது. பழைய சாக்கு வாங்கி விற்கும் சிறு வியாபாரம் மூன்றாம் ஆண்டில் நிலைபெற்றது. அந்தக் கணக்கு நோட்டில்தான் எமது எழுத்தும் திருந்திற்று; பின்னர் திரிபிடகத்தின் தமிழாக்கங்களை வாசிக்க அதுவே வழியாயிற்று.

கோலிய நாட்டுத் தீகஜானு என்னும் இல்லறத்தான், "நாங்கள் மனைவி மக்களோடு வாழ்பவர்கள், எங்களுக்கு ஏற்றதைச் சொல்லுங்கள்" என்று வேண்டியபோது பகவர் நான்கு கூறினார்: முயற்சி, ஈட்டியதைக் காத்தல், நல்லோர் நட்பு, வரவறிந்து வாழ்தல். இவற்றுள் மூன்றை ஏழையிடம் எதிர்பார்க்கின்றோம். மூன்றாவதாகிய நட்பை யார் தருவது? அதனை அவன் கடையில் வாங்க இயலாது. அந்த ஒன்று நம் கையில் உள்ளது. அதே உபதேசத்தில் ஏரி ஒன்றின் உவமை வருகின்றது: நீர் வரும் வாய் நான்கும், நீர் போகும் வாய் நான்கும் உடைய ஏரி. வரும் வாயை அடைத்துப் போகும் வாயைத் திறந்துவைத்தால், மழையும் இல்லாதபோது ஏரி வற்றாமல் என் செய்யும்? குடியும் சூதும் போகும் வாய்கள் என்றார் பகவர். நம் தெருக்களில் வட்டிக்கடனையும் அவற்றோடு சேர்க்க வேண்டும். வறுமையால் கடன், கடனால் வட்டி, வட்டியால் நெருக்கடி, பின்தொடர்தல், சிறை என்று படிப்படியாக எடுத்துரைத்து, இஃது இல்லறத்தாருக்குத் துன்பம் என்று அங்குத்தர நிகாயத்தில் பகவர் விளக்கியிருக்கின்றார். கடனின்மையை இல்லறத்தானின் நான்கு இன்பங்களுள் ஒன்றாக அநாதபிண்டிகருக்குக் கூறியதும் அவரே. ஏழைக்குச் சிறுகடன் கொடுத்தாலே உயர்ந்துவிடுவான் என்று நம்பி, நட்பும் இல்லாமல் உணவும் இல்லாமல் கடனை மட்டும் வாரி இறைத்த நிறுவனங்களால் ஆந்திரத்தில் எத்தகைய துயரம் விளைந்தது என்பதும், 2010ஆம் ஆண்டு அக்டோபரில் அம்மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவர நேர்ந்ததும் நாடறிந்தவை.

கடன் வேறு, கூடிச் சேமித்து ஒருவருக்கொருவர் உதவுதல் வேறு. இதற்கு நம் கர்நாடகமே சான்று. திபெத்திலிருந்து வந்த நம் பௌத்த சகோதரர்களைக் குடியமர்த்தும் பணிக்காக 1968இல் தோன்றிய மைராடா என்னும் நிறுவனம், பின்னர்க் கிராமங்களில் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தது. 1980களின் நடுவில் அவற்றுள் சில உடைந்தன. ஓரிருவர் ஆதிக்கம் செலுத்திய சங்கத்தில் கடனைத் திருப்பிக் கட்ட மனமில்லாத உறுப்பினர்கள், சிறு சிறு குழுக்களாக வந்து, "நிறுவனத்திடமே கட்டிவிடுகிறோம்" என்றனராம். "எங்களிடம் வேண்டாம், உங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்று விடை வந்தது. இன்று நாடெங்கும் காணும் சுய உதவிக் குழுக்களுக்கு இஃதொரு தொடக்கம். 1992இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனையைத் தொடங்கிற்று. வாங்குவதற்குத் தயாராக இருந்தும், வேண்டாம் என்று கையை மூடிக்கொண்ட அந்த ஒரு செயலை யாம் பெருந்தானம் என்போம்.

இனி நம் சங்கத்துக்கு வருவோம். அரிசி தொடரட்டும். முதியோர், நோயாளர், ஊனமுற்றோர் ஆகியோரை நோக்கி "உன் காலில் நில்" என்று சொல்வது கொடுமை. அவர்களுக்கு இறுதிவரை சோறிடுவது நம் கடன். அவர்கள் பெயரை வரிசையில் நிறுத்தவும் வேண்டாம். வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்போம். எஞ்சிய குடும்பங்களுள் மூன்றை மட்டும் இவ்வாண்டு எடுத்துக்கொள்வோம். எந்த மூன்று என்பதை நிர்வாகிகள் முடிவு செய்ய வேண்டாம். வரிசையில் நிற்பவர்களையே கேட்போம். தொழிலையும் அவர்களே தேர்ந்து கொள்ளட்டும். முதல் தருவோம், தொழில் நிலைபெறும் வரை அரிசியோடு வாடகைக்கும் ஒரு பங்கு தருவோம், வாரம் ஒருமுறை நம்முள் ஒருவர் அவர் வீட்டுக்குப் போவார். பணம் குறைவு என்று பொருளாளர் சொல்வார். குறைவுதான். ஆகையால்தான் மூன்று குடும்பங்கள் என்கின்றோம்.

பணமில்லாமலே செய்யக்கூடியதும் உண்டு. நம் தெருவில் கன்னடம் படிக்கத் தெரியாத பெரியோர் எத்தனை பேர்? முதியோர் உதவித்தொகைக்கான விண்ணப்பம் அவர்கள் வீட்டுத் தட்டில் எழுதப்படாமலே கிடக்கின்றது. பள்ளியில் கன்னடம் கற்ற நம் பிள்ளைகள் ஞாயிறன்று ஒரு மணி நேரம் விகாரையில் அமர்ந்தால் அது தீரும். இன்னொன்று: பௌத்தரானால் பட்டியல் சாதிக்குரிய கல்வி உதவியும் சலுகையும் போய்விடும் என்று இன்றும் சிலர் அஞ்சிப் பிள்ளைகளின் சான்றிதழைக் கேட்காமலே இருக்கின்றனர். 1990ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, பட்டியல் சாதியிலிருந்து பௌத்தரானோருக்கும் அவ்வுரிமை உண்டு என்று ஆயிற்று. அறியாமையால் ஒரு பிள்ளையின் படிப்பு நின்றால், அந்தக் குற்றத்தில் பிரசங்கியாகிய எமக்கும் பங்குண்டு.

"வாரந்தோறும் ஒரு வீட்டுக்குப் போவது யார்? எங்களுக்கு ஏது நேரம்?" என்று நீங்கள் கேட்பது எமக்குக் கேட்கின்றது. முதற்பெயராக எமது பெயரை எழுதிக்கொள்ளுங்கள். செயலாளரின் மேசைமீது நோட்டு ஒன்று வைக்கப்பட்டிருக்கின்றது. எட்டுப் பேர் வேண்டும். அவர்களுள் நால்வரேனும் சகோதரிகளாக இருத்தல் நலம்.

தையல் இயந்திரத்தை விற்ற சகோதரி இப்போது நகரின் தென்பகுதியில் ஆயத்த ஆடை ஆலையொன்றில் வேலை செய்வதாகக் கேள்வி. தையலை எங்கே, யாரிடம் கற்றாள் என்று எமக்குத் தெரியாது. அன்று இவ்விடத்தில் நின்று அவளைப் பழித்த வாயால் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். முகவரி கிடைத்துவிட்டது. வரும் வெள்ளிக்கிழமை மாலை, அவளுக்கு வேலை முடிந்தபின், யாமும் செயலாளரும் போகின்றோம். கதவைத் திறப்பாளா என்பது தெரியவில்லை.

நமோ புத்தாய.